நம்பிக்கை அறிவாமாறு: கிறித்தவ நூலார் கொள்கை

துவாக்குடியை அடுத்த திருநெடுங்களத்தில், சம்பந்தப் பெருமான் பதிகம் ஓதி இடர் களைய வேண்டிநிற்கும் அன்பன் ஒருவனை, "இறைவன் உளன் என்று எவ்வளவையால் அறிந்தாய்?" என வினவின் யாது கூறுவான்? அவன் கண்ணாற் கண்டிலன். ஏதுக்களை எண்ணித் துணிந்தும் வந்திலன். அற்றேல் அவன் கொண்டது அறிவன்று எனலாமோ? இவ்வினாவைக் கிறித்தவ நூலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர்.

1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் டி நொபிலி, உலகிற்கு முதற்காரணன் ஒருவன் வேண்டும் என்பதை யுக்தியால் நாட்டித் தமிழில் எழுதினார். இது 13-ஆம் நூற்றாண்டினரான அக்குவினா தோமையார் வழி. இறைவன் உளன் என்பது கருதலளவையாற் பெறப்படும். அவனது திரித்துவமோ திருவெளிப்பாட்டானன்றிப் பெறப்படாது என்பர் அவர். விசுவாசம் உறுதியால் அபிப்பிராயத்தின் மேற்பட்டது. பொருள் நேரே விளங்காமையால் அறிவின் கீழ்ப்பட்டது என்பதும் அவர் துணிபு.

அமெரிக்கரான ஆல்வின் பிளாண்டிங்கா 2000-ல் வெளியிட்ட நூலில் வேறு வழி கண்டார். காலையில் உண்டதை நினைப்பவன் அதனை அனுமானித்து அறிவதில்லை. நினைவாற்றல் பழுதின்றித் தொழிற்படின் அந்நினைவே அறிவாம். அங்ஙனமே, கால்வின் கூறிய தெய்வவுணர்வு என்னும் ஆற்றல் மாந்தர்க்கு இயல்பில் அமைந்துளது. பாவத்தாற் பழுதுற்ற அது தூய ஆவியாற் சீர்ப்பட்டு, மெய்யை நோக்கித் தொழிற்படின், அதனாற் பிறந்த நம்பிக்கை ஏது வேண்டாமலே அறிவாம் என்றார்.

இறைவன் உளனாயினன்றோ அவ்வாற்றல் உளதாம் எனின், அதனை அவரும் உடன்படுவர். உளனாயின் இந்நம்பிக்கை அறிவாதல் கூடும் என்பதே அவர் நாட்டியது, உளன் என்பதன்று. இந்நேர்மை பாராட்டற்பாலது. ஆயினும், "எமக்கும் அத்தகைய உணர்வு உண்டு" என்று பிற சமயத்தாரும் கூறலாமே! அவருள் மெய்யுணர்ந்தார் யாவர் என்பதை இவ்வழி தெரிவியாது. நம்மவர் இதனை அப்படியே கடன்கொள்ளின் இக்குறையும் உடன் வரும்.

மெய்கண்டாரோ முதற் சூத்திரத்திற் கருதலளவையால் இறையுண்மை நாட்டி, ஒன்பதாஞ் சூத்திரத்தில், ஊனக்கண்ணும் பாசஞானமும் உணரமாட்டாத பதியை ஞானக்கண்ணால் நாடுக என்றார். ஞானக்கண்ணாவது சீர்ப்பட்ட உயிராற்றல் மாத்திரமன்று. மலமறைப்பு நீங்க, அருளே கண்ணாய் நிற்பது. ஆண்டு அறிவிப்பானும் அறியப்படுவானும் ஒருவனே. அது நெடுங்களத்து அன்பனுக்குச் சாலும். வினவியவனுக்கோ சாலாது, அவன்பொருட்டே அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் அளவையை முன்வைத்து, பரபக்கத்திற் புறச்சமயத்தார் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்.