நம் சொல் நாய்க்குப் புரிகிறதா?

கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வளரும் நாய்க்கு மொழிகள் பல. வீட்டுப் பெரியவர் அதனை "வா" என்று தமிழில் அழைப்பார். பேரனோ "சினி" என்று மலாயில் கூப்பிடுவான். இன்னொருவர் "கம்" என்பார். நாய் எல்லாவற்றுக்கும் வாலை ஆட்டும். அதற்குச் சொல் விளங்குகிறதா, அல்லது குரலின் தொனி மட்டுந்தான் விளங்குகிறதா?

இக்கேள்விக்கு அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஓட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை தேடினார்கள். நாய்களைக் கட்டாமல், மயக்கமருந்து கொடுக்காமல், மூளையைப் படம் பிடிக்கும் காந்தக் கருவிக்குள் அசையாது படுத்திருக்கப் பழக்கினார்கள். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அங்கே பிராணவாயு நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். கருவி காட்டுவது அதைத்தான்.

ஆட்டிலா ஆண்டிச் தலைமையில் நடந்து 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 13 நாய்கள் பங்கு கொண்டன. பாராட்டுச் சொற்களும், 'ஆனாலும்' என்பது போன்ற வெறும் இணைப்புச் சொற்களும், கொஞ்சும் தொனியிலும் சாதாரணத் தொனியிலும் அவற்றுக்குக் கேட்பிக்கப்பட்டன. நாயின் மூளை சொல்லையும் தொனியையும் தனித்தனியே பிரித்தறிந்தது. ஆனால் மகிழ்ச்சியை உணரும் பகுதி நன்கு கிளர்ந்தெழுந்தது எப்போது தெரியுமா? பாராட்டுச் சொல்லும் பாராட்டுத் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான். ஆகவே, உதட்டளவில் "நல்ல பிள்ளை" என்று சொல்வது நாய்க்குப் பாதிப் பாராட்டே.

மொழி வேற்றுமையும் நாய்க்குத் தெரிகிறது. 2022-இல் அதே பல்கலைக்கழகத்தார் 18 நாய்களுக்கு 'குட்டி இளவரசன்' கதையை ஸ்பானிய மொழியிலும் அங்கேரிய மொழியிலும் வாசித்துக் காட்டினார்கள். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் மூளை வெவ்வேறு விதமாக இயங்கியது. வயது முதிர்ந்த நாய்களிடம் இவ்வேறுபாடு தெளிவாக இருந்தது. பல ஆண்டுகள் தமிழ் கேட்டு வளர்ந்த கிழட்டு நாய்க்கும் தமிழின் ஓசை அப்படிப் பழகியிருக்கும் என்று நாம் கருதலாம்.

2024-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. விளையாட்டுப் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு வேறொரு பொருளைக் காட்டியபோது, நாயின் மூளையில் எழுந்த மின்னலைகள் மாறின. பெயரைக் கேட்டதுமே அப்பொருளை அது மனத்தில் எதிர்பார்த்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

இத்தனை திறமை இருந்தும் ஒரு குறை உண்டு. தெரிந்த கட்டளைச் சொல்லில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிப் பொருளில்லாத சொல்லாக்கிச் சொன்னபோது, நாயின் மூளை அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை என்று 2020-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. அதன் காது கூர்மையானதுதான். ஆயினும் சொல்லின் நுணுக்கத்தை அது கவனிப்பதில்லை.

தமிழ் பேசும் வீட்டார் இதை மனத்தில் வைக்க வேண்டும். 'படு', 'விடு', 'எடு' ஆகிய மூன்றும் நம் செவிக்கு மூன்று. நாய்க்கோ ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கலாம். மேலும், தமிழில் விலக்கும் பொருள் சொல்லின் கடைசியில்தான் வருகிறது. லாரி வரும் சாலையை நோக்கிப் பாயும் நாயிடம் "ஓடாதே" என்று கத்தினால், 'ஓடு' என்ற சொல்லுக்குப் பழகிய நாய் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு மேலும் ஓடக்கூடும். அங்கே "நில்" என்ற தனிச்சொல்லே உயிரைக் காக்கும்.

எனவே நாய்க்கென்று ஐந்தாறு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். அவை குறுகியவையாகவும் ஒன்றற்கொன்று ஒலியில் தூரமானவையாகவும் இருக்கட்டும். தமிழோ மலாயோ எதுவானாலும், தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை ஒரு செயலுக்கு ஒரே சொல்லை ஆளுங்கள். கட்டளைக்குப் பணிந்ததும் முகமலர்ச்சியோடு பாராட்டுங்கள். சொன்னது புரியாமல் விழித்து நிற்கும் நாயை அடிப்பதற்கு முன், நாம் சொன்ன சொல் அதற்கு விளங்கும் சொல்தானா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.