பொம்மை லாரிக்கு ரிவர்ஸ் கியர் தேவையா?

ரிமோட் லாரியை முழு வேகத்தில் விடுகிறீர்கள். 'டமால்' என்று சுவரில் முட்டி நிற்கிறது. ரிவர்ஸ் பட்டனை அழுத்தினால் பின்னால் வந்து விடும். ரிவர்ஸ் இல்லாத லாரி என்றால்? எழுந்து ஓட வேண்டியதுதான்!

சரவணம்பட்டி அபார்ட்மென்டுகளில் விளையாடும் குட்டீசுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும். பார்க்கிங்கில் நிற்கும் காருக்கு அடியில் லாரி புகுந்து விட்டால், தரையில் படுத்து குச்சி விட்டுத்தான் இழுக்க வேண்டும். ஆனாலும், பெட்ரோல் வண்டி போல இன்ஜினில் ஓடும் விலை உயர்ந்த ரிமோட் லாரிகள் பலவற்றில் ரிவர்ஸ் கியரே கிடையாது. ஏன் தெரியுமா?

பேட்டரி லாரிக்கு சுலபம்

பொம்மை மோட்டார் ஒன்றையும், டார்ச் லைட் பேட்டரி ஒன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். மோட்டார் அச்சில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, ஒயர்களை பேட்டரியில் இணையுங்கள். காகிதம் ஒரு பக்கமாகச் சுற்றும். இப்போது இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றும்! லாரிக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட், ஒயரை மாற்றும் இந்த வேலையைத்தான் நொடியில் செய்கிறது. அதனால் பேட்டரி லாரிக்கு தனி ரிவர்ஸ் கியரே வேண்டாம்.

நம் கொங்கு விவசாயிகளுக்கும் இது புதிதல்ல. கிணற்று மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் ஒயர்களில் இரண்டு இடம் மாறி விட்டால், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர் சரியாக ஏறாது. (அந்த ஒயர்களை எலக்ட்ரீஷியன் மட்டுமே தொட வேண்டும். நீங்கள் பக்கத்தில் கூடப் போகக் கூடாது!)

இன்ஜின் லாரிக்கு சிரமம்

இன்ஜின் ஒரே திசையில்தான் சுற்றும். அதனால் சக்கரத்தை மட்டும் எதிர்ப்பக்கம் சுழற்ற, நடுவில் கூடுதலாக ஒரு பல்சக்கரம் வேண்டும். அதை மாற்ற இன்னொரு குட்டி மோட்டார், ரிமோட்டில் இன்னொரு பட்டன் எல்லாம் வேண்டும். எடை கூடும், செலவு கூடும், உடையக் கூடிய பாகங்களும் கூடும். லாரி ஓடும்போதே ரிவர்ஸ் போட்டால் பல்சக்கரத்தின் பல் தெறித்து விடும்.

ரிமோட் வண்டிப் பந்தயங்களிலோ, கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தி விட பாதையோரம் ஆட்கள் நிற்பார்கள். அங்கே ரிவர்ஸ் வெறும் சுமைதான்.

ஆனால், நிஜ பந்தயக் கார்களின் கதை வேறு. கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005ம் ஆண்டு பார்முலா-1 பந்தயத்தில் கார் ஓட்டினார். ஒவ்வொரு கிராம் எடையையும் குறைக்கப் பார்க்கும் அந்தக் கார்களிலும், ரிவர்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி!

தூக்கி விட ஆளில்லா இடம்

உலகிலேயே மிகத் தொலைவில் ஓடிய ரிமோட் வண்டிகள் எங்கே தெரியுமா? செவ்வாய் கிரகத்தில்! 2005 ஏப்ரலில், அமெரிக்காவின் 'ஆப்பர்சூனிட்டி' வண்டியின் சக்கரங்கள் அங்கே மணல்மேட்டில் புதைந்தன. பூமியில் அதே போன்ற இன்னொரு வண்டியை மணலில் புதைத்து சோதித்துப் பார்த்த விஞ்ஞானிகள், சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றக் கட்டளை அனுப்பினர். ஐந்து வாரத்துக்கும் மேலான போராட்டத்துக்குப் பின், ஜூன் மாதம் வண்டி மீண்டது. பின்னால் போக முடியாத வண்டியாக இருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். மீண்ட அந்த வண்டி 2018 வரை வேலை செய்தது!

நம் சந்திரயான்-3ன் 'பிரக்யான்' வண்டிக்கும் சோதனை வந்தது. 2023 ஆகஸ்ட் 27ல், அதற்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம்! வந்த வழியே திரும்பும்படி கட்டளை அனுப்பினர் இஸ்ரோ விஞ்ஞானிகள். வண்டி தப்பியது. இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. நிலாவில் இறங்குவதற்கான சோதனைகளுக்கு, நிலா மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரிக்கக் கல் கொடுத்தது நாமக்கல் மாவட்டம்தான்!

உங்களுக்கு எது வேண்டும்?

லாரி வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாட்டிக் கொண்டால் தூக்கி விட ஆள் உண்டா?" உண்டு என்றால், ரிவர்ஸ் இல்லாத இன்ஜின் லாரியே போதும். பாறை, மணல், காருக்கு அடி என்று கை எட்டாத இடத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், ரிவர்ஸ் அவசியம்.

பேட்டரி லாரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். லாரி நின்ற பிறகே ரிவர்சைத் தொடுங்கள். மோட்டாரும் பல்சக்கரமும் நீண்ட நாள் உழைக்கும்!