பெரிய சைக்கிளும் சின்னக் கால்களும்

பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுத்தால், வளர்த்திக்கு இடம் விட்டு, 'டக்' பிடித்துத் தைப்பது நம் வீடுகளில் வழக்கம். குழந்தை வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால், ஒரே பாவாடை மூன்று தீபாவளிக்கு வரும். பணத்தின் அருமை அறிந்த தாய்மார் கண்ட யுக்தி இது. ஆனால் இதே யுக்தியைச் சைக்கிள் வாங்கும்போதும் கையாளுகிறோமே, அங்கேதான் பிசகிவிடுகிறது. துணியை மடித்து வைக்கலாம். இரும்பை மடித்து வைக்க முடியுமோ?

பிறர்பேரில் குற்றம் சொல்வானேன்? நாமே செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நமது புதல்வனுக்கு எட்டு வயது நிறைந்தபோது, 'மவுண்டன் பைக்' என்று பிள்ளைகள் சொல்லும் தடித்த டயர் வண்டிதான் வேண்டுமென்று பிடிவாதம் செய்தான். கடைக்காரர் 26 அங்குலச் சக்கரமுள்ள வண்டியைக் காட்டி, "ஸார், இரண்டு வருஷத்தில் பையன் வளர்ந்துவிடுவான், திரும்பத் திரும்பச் செலவழிப்பானேன்?" என்றார். வகுப்பில் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் சொல்கிறவர்களுக்கு இதைவிட இனிமையான வார்த்தை ஏது? வாங்கிவிட்டோம். பத்தாம் நாள், தெருக்கோடி இறக்கத்தில், பிரேக்கை விரல் எட்டாமலும், காலைத் தரையில் ஊன்ற முடியாமலும் பையன் விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் தெளிய ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் புது வண்டி திண்ணையோரம் சாய்ந்து நின்று, நமது சிக்கனத்தைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் காலத்தில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வாஸ்தவம்; நாமும் அப்படிப் பழகியவர்களே. ஆனால் அது இல்லாமையால் வந்த வித்தை. போக்குவரத்துக் குறைந்த சமதரையில் மெள்ளப் போனோம். அப்போதும் முழங்கால் தோலில் பாதியைத் தெருவுக்குக் கொடுத்தோம். வாடகைச் சைக்கிள் கடையில் சிறுவர்களுக்கென்றே அரைச் சைக்கிள் வைத்திருந்ததையும் மறக்கலாகாது. உடலுக்கேற்ற வண்டி வேண்டும் என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருந்தது!

மலைச் சைக்கிளின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இந்த 26 அங்குல மயக்கம் விளங்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் டாமல்பயஸ் என்றொரு மலை உண்டு. 1970-களில் அவ்வட்டாரத்து இளைஞர் சிலர், தடித்த டயருள்ள பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப் பாதைகளில் இறங்கி விளையாடினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதுச் சட்டம் அமைத்தார். பழைய வண்டிகளின் சக்கரம் 26 அங்குலமாக இருந்தபடியால் அதுவே மலைச் சைக்கிளின் அளவாக நிலைத்தது. ஆகவே அது வளர்ந்த வாலிபருக்கு ஏற்பட்ட அளவு. பின்னாளில் பெரியவர்களின் வண்டிகள் 27.5, 29 அங்குலம் என்று உயர்ந்துபோக, பக்கத்தில் நிற்கும் 26 நம் கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றுகிறது; அவ்வளவுதான்.

அப்படியானால் அளவு பார்ப்பது எப்படி? வயதைக் கேட்பதில் அதிகப் பிரயோஜனமில்லை. ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்காரும் இரு பிள்ளைகளின் உயரம் ஒரு சாண் வித்தியாசப்படுவதை நாம் தினமும் காண்கிறோம். காலைத்தான் அளக்க வேண்டும். பிள்ளையை வெறுங்காலுடன் சுவரோரம் நிற்க வைத்து, அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே முட்டும்வரை நிறுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளவெடுங்கள். அந்த அளவு ஏறத்தாழ 50 முதல் 60 சென்டிமீட்டர் இருந்தால் 20 அங்குலச் சக்கரம். 60 முதல் 70 வரை 24. அதற்கு மேல்தான் 26, அதிலும் சிறிய சட்டமுள்ளது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறுபடுமாதலால், பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போய் ஏற்றிப் பார்ப்பதே உத்தமம்.

கடையில் மூன்று பரீட்சைகள் வையுங்கள். முதலாவது, ஸீட்டுக்கு முன்னால் வண்டியின் இருபுறமும் கால் வைத்துப் பிள்ளை நிற்கட்டும். இரு பாதமும் தரையில் படிந்திருக்க, மேல் பாருக்கும் உடலுக்கும் இடையே 2 அங்குலமாவது இடைவெளி வேண்டும். மலைச் சைக்கிளில் பார் சரிந்திருப்பதால் இந்தப் பரீட்சையில் பெரிய வண்டியும் தேறிவிடக்கூடும். ஆகையால் இரண்டாவது: ஸீட்டில் உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும், கை விறைத்து நீண்டால் வண்டி பெரிது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பிடியை விடாமலே விரல்கள் பிரேக்கை எட்டி, அழுத்தி நிறுத்த முடிகிறதா? அநேக வண்டிகளில் பிரேக் பிடியை உள்ளே இழுத்து வைக்கச் சிறு திருகாணி உண்டு. கடைக்காரரைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கனத்தையும் கவனிக்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 14 கிலோ வண்டியைக் கொடுப்பது, 60 கிலோ மனிதரிடம் சுமார் 34 கிலோ வண்டியைக் கொடுத்து மேடேறச் சொல்வதற்கு ஒப்பாகும். முன்சக்கரத்தில் ஸ்பிரிங் வைத்த வண்டி பார்வைக்குக் கம்பீரம். ஆனால் மலிவான ஸ்பிரிங் சிறு பிள்ளையின் எடைக்கு அசைந்து கொடுக்காது. கனத்தை மட்டும் கூட்டும்.

"வளர்த்திக்கு என்ன வழி?" என்று கேட்கலாம். பாவாடையின் மடிப்பு சைக்கிளிலும் உண்டு. அது ஸீட்டுக் கம்பியில் இருக்கிறது! பள்ளிப் பிராயத்தில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5, 6 சென்டிமீட்டர் உயருகிறார்கள். அதில் கால் பங்குக்கு வருவது சுமார் பாதி. ஸீட்டை 8 சென்டிமீட்டர் உயர்த்த இடமிருந்தால், சரியான வண்டியே இரண்டு மூன்று ஆண்டு உழைக்கும். பழகும்வரை இரு பாதமும் தரையில் படியும்படி ஸீட்டைத் தாழ்த்துங்கள். பழகியபின், பெடல் கீழே வரும்போது முழங்கால் சிறிதே மடியும்படி உயர்த்துங்கள். கம்பியில் பொறித்துள்ள எல்லைக் கோடு மட்டும் வெளியே தெரியலாகாது. தெரிந்தால் வண்டியை மாற்றும் காலம் வந்துவிட்டதென்று அர்த்தம். பழைய வண்டி தம்பிக்கோ அண்டை வீட்டுக் குழந்தைக்கோ போகட்டும். பாடப் புத்தகங்கள் அப்படித்தானே கைமாறுகின்றன?

நமது பையனுக்குப் பிற்பாடு 20 அங்குல வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள் அதே இறக்கத்தின் உச்சியில் நெடுநேரம் நின்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக இறங்கினான், பாதி வழியில் தானே பிரேக் பிடித்து நிறுத்தி, காலை ஊன்றி, நம்மைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற பிள்ளைக்கு நாம் சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. இன்று எதிரில் நிற்கும் பிள்ளைக்கு வாங்கினால் போதும்.