ஞாயிற்றுக்கிழமைப் படக்காட்சி

எங்கள் கணியூரில் முன்பெல்லாம் பெற்றோர்கள் உபாத்தியாயரைக் கண்டால் பிள்ளையின் மார்க்கைப் பற்றி விசாரிப்பார்கள். இப்போது, "எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறானே, என்ன செய்வது?" என்பதுதான் முதற் கேள்வி. பிடுங்கி வைத்துவிடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டிலேயே அந்த வைத்தியம் பலிக்கவில்லை. ஆகவே சில மாதங்களாக வேறொரு யோசனை கூறி வருகிறேன். ஞாயிறு இரவு குடும்பத்தார் எல்லோரும் கூடி உட்கார்ந்து, அதே செல்போனைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, ஒரு டாக்குமெண்டரிப் படம் பாருங்கள் என்பதே அது.

"டாக்குமெண்டரியா! தூக்கமல்லவா வரும்?" என்று நேயர்களில் சிலர் கொட்டாவி விடுவது எனக்குத் தெரிகிறது. கொட்டகையில் பிலிம்ஸ் டிவிஷன் படம் ஓடும்போது முறுக்கு வாங்க எழுந்து போனவர்கள்தானே நாம்! ஆனால் இந்த வகைப் படத்துக்காகத் தமிழர் ஒருவர் பட்ட பாட்டைக் கேட்டால், எழுந்து போனதற்கு வெட்கப்படத் தோன்றும்.

கோட்டையூர் ஏ. கே. செட்டியார் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். மகாத்மாவின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. அப்போது வயது இருபத்தாறு கூட நிரம்பவில்லை. பெரிய முதலும் கிடையாது. ஆயினும் சுமார் 1,00,000 மைல் பிரயாணம் செய்தார். யார் யாரோ எந்தெந்தக் காலத்திலோ எடுத்து, எங்கெங்கோ போட்டு வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடித் தேடி, 50,000 அடிப் படச் சுருளைச் சேர்த்தார். 1940 ஆகஸ்டில், அந்நிய ஆட்சியும் உலக யுத்தமும் சேர்ந்து நெருக்கிய வேளையில், தமிழ் விளக்கவுரையோடு படம் வெளிவந்தது.

அத்தனை அருமையாகச் சேர்த்த படத்தின் தமிழ்ப் பிரதி பின்னால் தொலைந்து போயிற்று! 1953-இல் அமெரிக்காவில் தயாரான ஆங்கில வடிவத்தின் பிரதியொன்றை, ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து தேடிக் கண்டெடுத்தார். அந்த ஆங்கிலப் படத்தை இன்று யூட்யூபில் பார்க்கலாம். அமெரிக்க ஜனங்களை உத்தேசித்துச் செய்த படமாகையால் தமிழ்க் குரல் இல்லையே என்ற குறை நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலை முதலில் படித்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் ஒருவர் கதவைத் தட்டிக் காத்து நின்றது தெரியவரும்.

இன்னும் விரிவாக வேண்டுமென்பவர்களுக்கு விட்டல்பாய் ஜவேரி 1968-இல் முடித்த 'மகாத்மா' இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். இதை ஒரே இரவில் பார்க்க நினைப்பவர்கள் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுவது நலம்.

அவ்வளவு அவகாசம் இல்லாதவர்களுக்கு ஒன்பது நிமிஷப் படம் ஒன்று சொல்கிறேன். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் 1977-இல் வெளியிட்ட 'பவர்ஸ் ஆஃப் டென்'. சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் இருவர் புல்வெளியில் இளைப்பாறுகிறார்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை நாம் அவர்களிடமிருந்து பத்து மடங்கு தூரம் விலகுகிறோம். பூமி புள்ளியாகிறது, சூரியன் மறைகிறது, நட்சத்திரக் கூட்டங்கள் தூசியாகின்றன. பிறகு திரும்பி வந்து, அந்த மனிதரின் கைத் தோலுக்குள் புகுந்து அணுவின் கருவரை செல்கிறோம். பத்தின் அடுக்குகளைக் கரும்பலகையில் எழுதி எழுதி நான் கழித்த வருஷங்களை நினைத்துக்கொண்டேன். இந்தத் தம்பதிகள்தாம் 1958-இல் நம் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதி, அதிலே நம் வீட்டுச் செம்பை வானளாவப் புகழ்ந்தவர்கள்.

எஸ். என். எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் ட்வெண்டி' 1967-இல் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது. சுதந்திரம் பிறந்த ஆண்டில் பிறந்தவர்களை, இருபது வயதில் தேடிப்பிடித்துப் பேச வைத்திருக்கிறார். பதில்களில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. வயது வந்த பிள்ளைகளுள்ள வீட்டில் இதைப் பாதியில் நிறுத்தி, "நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப் போயிற்று.

எங்கள் பக்கத்தார் அவசியம் பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு. மேக்னா குப்தா 2012-இல் எடுத்த 'அன்ரேவல்' கால் மணி நேரம்கூட ஓடாது. மேல்நாட்டார் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக ஹரியானாவிலுள்ள பானிப்பட்டுக்கு வருகின்றன. அங்கே பெண்கள் பித்தான்களை அறுத்தெடுத்து, துணியைக் கிழித்து, நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். யந்திரம் அதைப் பஞ்சாக்க, பஞ்சு மறுபடி நூலாகிக் கம்பளியாகிறது. இவ்வளவு புதிய துணியை ஏன் எறிகிறார்கள் என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஆராய்கிறார்கள். அந்த நாட்டில் தண்ணீர் விலை அதிகமாயிருக்கும், துவைப்பதைவிட எறிவது லாபமாயிருக்கும் என்பது அவர்கள் ஊகம்!

இதை என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் பார்த்தேன். அவள் தாயார் விடியுமுன் கம்பெனி வண்டியேறி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். ஹிந்திப் பேச்சுக்கு நான் கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் பார்த்துத் தமிழ் சொல்லி வந்தேன். தண்ணீர் விஷயத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் எங்க பீஸைத் திருப்பிப் போட்டுருவாங்க வாத்தியாரய்யா. அங்க முழுத்துணியையே கிழிக்கறாங்களேங்க!" என்றார்.

படம் முடிந்து விளக்கைப் போட எழுந்தேன். "கொஞ்சம் பின்னால தள்ளுங்க. அந்தப் பொம்பள கழுத்துப்பட்டியைப் பிடிச்சுக் கிழிச்சாளே, அந்த இடம். லேபிள் தெரியுதான்னு பார்க்கோணும்" என்றார். நிறுத்திக் காட்டினோம். எழுத்துப் புலப்படவில்லை. தாயும் மகளும் பெட்டிக்கு வெகு அருகில் போய் நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.