விலை போட முடியாத சரக்கு

கடையில் இருக்கும் நமக்கு எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்றே தோன்றும். காசு கொடுத்தவருக்குத் துவரம் பருப்பு, கொடுக்காதவருக்கு இல்லை. ஒருவர் வாங்கிப்போன கிலோ இன்னொருவருக்குக் கிடைக்காது. இத்தகைய சரக்கைப் பொருளாதாரத்தில் தனியார் பொருள் என்கிறார்கள். இதைச் சந்தை நன்றாகவே கவனித்துக்கொள்ளும்.

ஆனால் கடைவீதிக் காவலைப் பாருங்கள். 40 கடைகள் உள்ள வீதியில் 35 பேர் கூர்க்காவுக்கு மாதப் பணம் கொடுக்கிறார்கள், 5 பேர் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். திருடனை விரட்டும் விசில் அந்த 5 கடைகளுக்கும் சேர்த்துத்தான் ஒலிக்கும். அடுத்த மாதம் இன்னும் பத்துப் பேர், "நான் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பார்கள். கடைசியில் காவலே நின்றுபோகும். எல்லோருக்கும் தேவை இருந்தும் சரக்கு கிடைக்காமல் போகும் இந்த நிலைதான் சந்தைத் தோல்வி. தெருவிளக்கும் வெள்ளத் தடுப்புக் கரையும் இந்த வகைப் பொதுப் பொருள்களே.

தஞ்சைத் தரணியில் இதைவிடப் பெரிய கணக்கு வாய்க்காலில் இருக்கிறது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் தண்ணீர், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து கடைமடைக்கு ஓட வேண்டும். தூர் வாரிய வாய்க்காலின் பலன், மண்வெட்டி எடுக்காதவர் வயலுக்கும் போகும். அதனால் தூர் வார யாரும் தனியாக முன்வருவதில்லை. தண்ணீரோ எடுக்க எடுக்கக் குறையும். தலைமடையில் கூடுதலாகத் திருப்பினால் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பயிர் காயும்.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி குடிமராமத்து. வீட்டுக்கு இத்தனை ஆள் என்று ஊரே கூடித் தூர் வாரியது. அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. ஆள் அனுப்பத் தவறியவர் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இருமடங்கு கட்ட வேண்டும் என்றது அது. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. ஊரார் தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டின் பலம் மேலிருந்து வந்த சட்டத்துக்கு இல்லை. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டத்தைப் புதுப்பித்தது.

பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, தவறியவருக்குச் சிறு அபராதம் விதித்துக் காக்க முடியும் என்று பல நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு விளக்கியவர் எலினார் ஆஸ்ட்ரம். அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இது விவசாயிகள் விஷயம்தானே என்று நாம் ஒதுங்க முடியாது. கடைமடையில் சம்பா விளைந்தால்தான் பேரேட்டில் நிற்கும் கடன் பாக்கி வசூலாகும். பொங்கலுக்கு வெல்லமும் துணியும் விற்கும். கடைக் குப்பையை வாய்க்காலில் தள்ளுபவர் மிச்சப்படுத்துவது ஒரு வண்டிக் கூலி. அதனால் மதகு அடைத்து வரும் நஷ்டம் கீழே இருக்கும் விவசாயிக்கும், அவரை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக்காரருக்கும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, குப்பை வண்டிக்கும் காவலுக்கும் தூர் வாருவதற்கும் ஒவ்வொரு கடைவீதிச் சங்கமும் கடை அளவுக்கேற்ப ஒரு பங்கை நிர்ணயிக்கட்டும். கொடுத்தவர், கொடுக்காதவர் பட்டியலை மாதந்தோறும் சங்கப் பலகையில் எழுதட்டும். இதை நன்கொடையாக நினைக்க வேண்டாம். வியாபாரத்தின் முதலீடாகவே கணக்கில் எழுதலாம்.