காஸாவின் எண்பது சாட்சிகள்

ஹிஜ்ரி 749இல் (1348) ஷாம், மிஸ்ர் நாடுகளைச் சூறையாடிய பெருந்தாஊனை நேரில் கண்டு எழுதியவர்களுள் பயணி இப்னு பதூதாவும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் மதுரையிலும் ஒரு கொள்ளைநோயைக் கண்டிருந்தவர் அவர். திமிஷ்க் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்கள் குர்ஆனையும் யூதர் தவ்ராத்தையும் கிறிஸ்தவர் இன்ஜீலையும் ஏந்தி, மஸ்ஜிதுல் அக்தாமை நோக்கி நடந்து மன்றாடினர் என்கிறார். அதனால் அல்லாஹ் துன்பத்தைத் தணித்தான். அங்கே ஒருநாள் மரணம் 2,000 அளவில் நின்றது, காஹிராவிலோ 24,000ஐ எட்டியது என்று ஒப்பிடுகிறார்.

துஆவின் பலனில் நமக்கு ஐயமில்லை. ஆயின் இவ்விரு எண்களை அதற்குச் சான்றாக நிறுத்துதல் பொருந்தாது. காஹிரா திமிஷ்கினும் பல மடங்கு பெரிய நகரம். அங்கே ஐந்து லட்சம் பேர் வாழ்ந்தனர் என்னும் உயர்ந்த மதிப்பீட்டை ஏற்றாலும், ஏறத்தாழ இருபதில் ஒருவர் ஒரே நாளில் மாண்டனர் என்றாகிறது! அச்சத்தில் உழன்ற நகரில் வாய்வழி பெருகிய எண் என்றே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

காஸாவில் நாளொன்றுக்கு 1,100 பேர் இறந்ததாக அவ்வூர்க் காழி அவரிடம் கூறினார். காஹிராவின் எண்ணுக்கு முன் இது சிறிது. ஆனால் காழி இன்னொன்றும் சொன்னார்: நீதிமன்றச் சாட்சிகளான உதூல் எண்பதின்மருள் காற்பங்கினரே எஞ்சினர். மாண்டவரை மட்டுமன்றி, முன்பு எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லும் இச்சிறு குறிப்பு, மேற்சொன்ன ஆயிரங்கள் அனைத்தினும் பயனுடையது. மரணப்படுக்கையில் வஸிய்யத்துக்குச் சாட்சி நிற்க வேண்டியவர்கள் என்பதால், அவ்விகிதம் ஊர் முழுமைக்கும் பொருந்தாதிருக்கலாம். எனினும் பெருநகரைவிடச் சிற்றூர் கொடிதாய் அழிந்திருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

ஊருக்கு ஊர் வேறுபாடு ஏன்? கர்னாத்தாவின் அமைச்சரும் மருத்துவருமான இப்னுல் கதீப் நோயாளியின் தொடர்பையே காரணமாகக் கண்டார். கூடாரவாசிகளான ஆப்பிரிக்க நாடோடிகள் நோயின்றி இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். மக்ரிபின் ஸலா நகரில் இப்னு அபீ மத்யன் என்னும் நல்லடியார் உணவைச் சேமித்துக்கொண்டு, குடும்பத்தாருடன் உள்ளிருந்தபடி வீட்டு வாயிலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். நகரம் மாண்டது, அந்த வீட்டில் ஒருவரும் இறக்கவில்லை.