மரவள்ளி இலை தின்ற ஆடு

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் புல்லுக்கு வழியில்லாதபோது ஆட்டின் கண் வேலியோரத்து மரவள்ளியில்தான் விழும். கிழங்கு பிடுங்கியதும் கொப்புகளை ஆட்டுக்கு எறிந்துவிடுவதும் நம் வழக்கம். பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் பசித்த ஆடு பச்சையிலையை நிறையத் தின்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் செத்துப்போகலாம். உள்ளதே இரண்டு ஆடு என்னும் குடும்பத்துக்கு அது சிறிய நட்டமன்று.

மரவள்ளியின் இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமரின் என்னும் பொருள் உண்டு. இலை மெல்லப்படும்போது அதிலிருந்து சயனைட்டு நஞ்சு பிறக்கிறது. ஆடு, மாடுகளின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் இதனை விரைவுபடுத்துவதால் பன்றியைவிட இவையே எளிதில் பாதிக்கப்படும். கசப்பு இனங்களிலும் இளந்தளிரிலும் நஞ்சு கூட. (மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்பார்கள். இஞ்சி இல்லாவிட்டாலும் நஞ்சு நஞ்சுதான்.)

நஞ்சேறிய ஆடு வேகமாக மூச்சுவாங்கும், வாயில் நுரை தள்ளும், தள்ளாடி விழுந்து வலிப்புக் கொள்ளும். முரசையும் கண்ணின் உட்புறத்தையும் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்கும். இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடலால் அதைப் பயன்படுத்த முடியாமற் போவதே காரணம்.

உடனே மற்ற ஆடுகளை மரவள்ளியிலிருந்து விலக்குங்கள். நோயுற்றதை ஓட்டவோ நடத்தவோ வேண்டாம். நிழலில் விட்டு, மிருக வைத்தியரை அங்கேயே அழைத்துவாருங்கள். தின்ற கொப்பொன்றையும் அவரிடம் காட்டுங்கள். சோடியம் தயோசல்பேற்று மருந்தை அவர் நாளத்தில் ஏற்றுவார். அது சயனைட்டைத் தீங்கு குறைந்த பொருளாக்கிச் சிறுநீரோடு வெளியேற்றும். நைத்திரைற்று ஊசியும் உண்டு. அளவு பிசகினால் அதுவே கொல்லும். ஆகவே நாமாக ஊசி போடுவது ஆகாது.

எண்ணெய், உப்புத் தண்ணீர் பருக்கும் பழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. விழுந்து கிடக்கும் ஆட்டுக்குப் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். சொக்கிலேற்றுத் தின்ற நாயை வைத்தியர் மருந்து கொடுத்து வாந்தியெடுக்க வைப்பார். அசைபோடும் ஆட்டில் அது நடவாது. அறிகுறி தொடங்கி இரண்டு மணித்தியாலம் தாங்கிய ஆடு பெரும்பாலும் பிழைத்துவிடும்.

மரவள்ளி இலையை முற்றாக ஒதுக்கவேண்டியதில்லை. புரதம் நிறைந்த தீனி அது. சிறிதாக வெட்டி, மெல்லியதாகப் பரப்பி, நொறுங்கும்வரை வெயிலில் காயவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். தோலையும் அப்படியே காயவைக்கலாம். முதலில் புல்லோ வைக்கோலோ கொடுத்து, பிறகு இதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மழை நாளில் காயாத இலையை ஆட்டுக்கு எட்டாமல் கட்டி வையுங்கள்.